தேதி முடிந்த சிலிண்டர் எங்கே போக வேண்டும்?

சமையலறையில் நிற்கும் கேஸ் சிலிண்டரின் தலைமேல் ஒரு வளையம் உண்டு. சிலிண்டர் கொண்டுவருபவர் பிடித்துத் தூக்குவது அதைத்தான். அந்த வளையத்தை உடம்போடு இணைக்கும் மூன்று இரும்புப் பட்டைகளில் ஒன்றின் உட்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் பெயின்ட்டில் எழுதியிருப்பது தெரியும். ஏ-28 என்றிருக்கும், டி-26 என்றிருக்கும். ஏ என்றால் மார்ச் முடிய, பி என்றால் ஜூன் முடிய, சி என்றால் செப்டம்பர் முடிய, டி என்றால் டிசம்பர் முடிய. எண்கள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். டி-26 என்று எழுதிய சிலிண்டருக்கு 2026 டிசம்பரோடு தவணை முடிகிறது.

எதற்கான தவணை என்பதில்தான் குழப்பம். மதுரையில் வில்லாபுரம் ஹவுசிங் போர்டிலும் மீனாட்சி நகரிலும் இருக்கும் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வருகிறது. காலாவதியான சிலிண்டர் வெடிகுண்டுக்குச் சமம், வீட்டில் வைக்காதீர்கள் என்று அது பயமுறுத்தும். வைக்காமல் என்ன செய்வது என்று சொல்லாது. பயந்துபோன வீட்டில் என்ன நடக்கும்? பரணில் கிடந்த பழைய சிலிண்டரை இறக்கி, தெருவில் வரும் பழைய இரும்பு வண்டிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவார்கள். உண்மையான ஆபத்து அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் இந்தத் தேதி எதைக் குறிக்கிறது, தேதி தாண்டிய சிலிண்டர் எங்கே போக வேண்டும் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதிபோல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருக்கும் கேஸ் கெட்டுப்போவதில்லை. அந்த எழுத்தும் எண்ணும் இரும்புப் பாத்திரத்தைப் பற்றியவை. இந்தத் தேதிக்குள் இந்தப் பாத்திரத்தை மறுபடி சோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். புதிதாகச் செய்த வீட்டுச் சிலிண்டருக்கு முதல் சோதனை 10 ஆண்டுகளில், அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் தொடங்கி, நாடு முழுக்கப் புது இணைப்புகள் கோடிக்கணக்கில் போயின. அந்த ஆண்டில் செய்த சிலிண்டர்களுக்கு முதல் சோதனை 2026-ல் வருகிறது. ஆகவே இப்போது பட்டையைப் பார்க்கும் பழக்கம் நமக்கு முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது.

ஏன் சோதிக்க வேண்டும் என்பது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் புரியும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். திறந்த வெளியில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேனுக்குச் சுழியத்துக்கு அரை டிகிரி கீழே போதும். மதுரை வெயிலில் இந்த இரண்டும் திரவமாக இருக்க வழியே இல்லை. அழுத்தம்தான் அவற்றைத் திரவமாக அடக்கி வைத்திருக்கிறது. வால்வைத் திறந்ததும் மேலே தேங்கியிருக்கும் ஆவி வெளியேறுகிறது, அழுத்தம் சற்றுத் தணிகிறது, உடனே கீழே இருக்கும் திரவத்தில் கொஞ்சம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. நாம் டீ போடும் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள்ளும் ஒரு கொதிப்பு நடக்கிறது. அந்தக் கொதிப்பு சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால்தான் அதிக நேரம் எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பகுதி சில்லென்று ஆகி வியர்க்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும். உள்ளே இருக்கும் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பமும் கலவையின் விகிதமும்தான், எவ்வளவு திரவம் மிச்சமிருக்கிறது என்பது அநேகமாக இல்லை. நிறைந்த சிலிண்டரிலும், அடியில் ஒரு தம்ளர் திரவம் மட்டுமே கிடக்கும் சிலிண்டரிலும் அழுத்தம் பெரிதாக வேறுபடாது. கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை பாத்திரம் முழு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கிறது, ஆகவே காலி என்று நினைப்பது இங்கே செல்லாது.

14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்குத்தான் திரவம் நிரப்புகிறார்கள். மிச்ச இடம் வெயிலில் திரவம் விரிவதற்கு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி இந்தக் கலவையின் ஆவியழுத்தம் 65 டிகிரி வெப்பத்தில்கூடச் சதுர சென்டிமீட்டருக்கு 16.87 கிலோவைத் தாண்டக் கூடாது. நம் அடுப்படியில் நிற்கும் சிலிண்டர் அந்த அளவுக்குச் சூடாவதே இல்லை. உள்ளே உள்ள அழுத்தமும் அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் பாத்திரத்தைச் செய்யும்போது அந்த உச்சத்தை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள மென் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி இரண்டு ஆழமான கிண்ணங்களாக்கி, வாயோடு வாய் வைத்து வெல்டிங் செய்தால் அதுதான் சிலிண்டர். இடுப்பைச் சுற்றிக் கோடுபோல ஓடுவது அந்த இணைப்பு. வெல்டிங் சூட்டில் இரும்புக்குள் இறுக்கங்கள் தங்கிவிடும். அப்படியே விட்டால் பின்னாளில் அந்த இடத்தில் விரிசல் விடலாம் என்பதால், முழுச் சிலிண்டரையும் உலையில் வைத்துச் சூடாக்கி அந்த இறுக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். கால் வளையம் ஆடுகிறதே என்று தெருமுனைப் பட்டறையில் ஒரு வெல்டிங் போட்டுக்கொள்வதில் உள்ள கேடு இதுதான். தீப்பொறியும் கேஸும் சந்திக்கும் அபாயம் ஒருபுறம் இருக்க, அந்த உலைச் சூடு கிடைக்காத வெல்டிங் இரும்பின் குணத்தையே அந்த இடத்தில் மாற்றிவிடுகிறது.

சிலிண்டரை வயதாக்குவது பெரும்பாலும் துருதான். மேலே கைபடும் இடமெல்லாம் பெயின்ட் பளிச்சென்று இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால்தான் கதை தெரியும். கால் வளையம் உடம்போடு சேரும் மடிப்பில் தரை துடைத்த தண்ணீர் தேங்கும். நம் போர் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் காய்ந்தபின் உப்பு மடிப்பிலேயே தங்கி, அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும். அங்கேதான் ஊசி முனை அளவில் குழிகள் தொடங்குகின்றன. பரவலான துருவைவிட இந்தக் குழித்துரு மோசமானது. சிலிண்டரின் எடையில் பத்து கிராம்கூடக் குறையாமல், ஓரிடத்தில் மட்டும் தகட்டின் பாதித் தடிப்பைத் தின்றிருக்கும்.

பாதித் தடிப்பு போனால் என்ன ஆகும்? உருளை வடிவப் பாத்திரத்தில் சுவர் தாங்கும் இழுவிசை, தடிப்புக்கு எதிர் விகிதத்தில் போகும். தடிப்பு பாதியானால் இழுவிசை இரட்டிப்பு. நல்ல சிலிண்டரில் இரும்பின் வலிமைக்கும் அன்றாட அழுத்தத்துக்கும் நடுவே தாராளமான இடைவெளி விட்டிருக்கிறார்கள். துரு தின்பது அந்த இடைவெளியைத்தான். ஆகவே டி-26 என்ற சிலிண்டர் 2027 ஜனவரி முதல் தேதி காலையில் வெடிக்கப் போவதில்லை. ஆனால் அதன் இடைவெளி இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சோதனை பார்க்க எளிமையானது, யோசனையில் அழகானது. தேதி நெருங்கிய சிலிண்டரை நிரப்பும் ஆலையில் தனியே ஒதுக்கி, உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியே எடுத்து, வால்வைக் கழற்றி, முழுக்கத் தண்ணீர் நிரப்புகிறார்கள். பிறகு பம்ப் வைத்துச் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ வரை அழுத்துகிறார்கள். மேலே சொன்ன 16.87-ஐப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கசிகிறதா, வீங்குகிறதா, நசுங்கல் விரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

காற்றை அடைத்தே பார்க்கலாமே, எதற்குத் தண்ணீர்? தண்ணீரைக் கசக்குவது கடினம். 25 கிலோ அழுத்தத்திலும் 33 லிட்டர் தண்ணீர் சுமார் 40 மில்லிதான் சுருங்கும். அழுத்தி வைத்த தண்ணீருக்குள் சேமிப்பில் இருக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். சிலிண்டர் அந்தச் சமயத்தில் கிழிந்தாலும், கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சியதும் அழுத்தம் காணாமல் போய்விடும். பக்கத்தில் நிற்பவரின் சட்டை நனையலாம், அவ்வளவே. அதே அழுத்தத்தில் காற்றை அடைத்திருந்தால் சேமிப்பில் இருக்கும் ஆற்றல் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். கிழியும் சிலிண்டர் சிதறிப் பறக்கும். பாத்திரத்தின் பலவீனத்தை ஆளுக்கு ஆபத்தில்லாமல் வெளியே கொண்டுவர இதைவிட நல்ல வழி இன்றுவரை இல்லை என்றே நினைக்கிறேன்.

தேறிய சிலிண்டருக்குப் பழைய பெயின்ட்டை உரித்துப் புதுப் பெயின்ட், சரியான வால்வு, பட்டையில் அடுத்த தவணைக்கான எழுத்து. தேறாதது? இங்கே சட்டம் மிகக் கறாராகப் பேசுகிறது. வெடிபொருள் சட்டத்தின்கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளின்படி, சோதனையில் தோற்றது, வெற்று எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்தது, வேறு குறையால் ஆபத்தானது என்று முடிவானது எதையும் மறுபடி நிரப்பக் கூடாது. பட்டையில் 15.7 கிலோ என்று வெற்று எடை எழுதியிருந்தால், அதில் ஏறத்தாழ 800 கிராம் இரும்பு துருவாகிப் போயிருந்தாலே அதன் ஆயுள் முடிந்தது. அப்படிப்பட்டதை ஒரேயடியாக நசுக்கித் தட்டையாக்க வேண்டும், அல்லது துண்டுகளைச் சேர்த்து மறுபடி ஒரு சிலிண்டர் செய்ய முடியாதபடி வெட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது பழைய இரும்பு. உருக்காலைக்குப் போய் வேறு கம்பியாகவோ தகடாகவோ வரலாம். இதையெல்லாம் மேற்பார்க்கும் மத்திய அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் என்பது அதன் பெயர். பட்டாசுத் தொழிலுக்காகச் சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

வெளிநாட்டில் இந்தக் கேள்வி வேறு மாதிரி எழுகிறது. அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் கிரில் அடுப்பு வைத்திருப்பவர்கள் வாங்கும் 20 பவுண்டு புரொப்பேன் தொட்டி, வாங்கியவருக்கே சொந்தம். தேதி முடிந்தால் சோதனைக்கு எடுத்துப் போவதா, கடை வாசலில் உள்ள கூண்டில் கொடுத்து வேறு தொட்டி வாங்குவதா, அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதா என்று அவர்தான் யோசிக்க வேண்டும். அங்கே தனிப் புரொப்பேன், இங்கே கலவை என்பதற்கும் காரணம் உண்டு. உறைபனிக் குளிரில் பியூட்டேன் ஆவியாகாமல் திரவமாகவே முடங்கிவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

நம் ஊரில் சிவப்புச் சிலிண்டர் நம்முடையதே இல்லை. இணைப்பு வாங்கும்போது கட்டுவது விலை அன்று, வைப்புத்தொகை. 2022 ஜூன் முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. பாத்திரம் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நம்மிடம் இரவலாக இருக்கிறது. ஆகவே அதை விற்கவும் வெட்டவும் தூக்கிப்போடவும் நமக்கு உரிமை கிடையாது. எரிவாயு விநியோகத்துக்கான 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையின்படி, இணைப்பு இல்லாதவர் இதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இது கேட்கக் கறாராகத் தோன்றினாலும், உண்மையில் நமக்குச் சாதகமான ஏற்பாடு. தேதி முடிந்த பாத்திரத்தைச் சோதிப்பது, அழிப்பது, அதற்கான செலவு எல்லாம் நிறுவனத்தின் தலையில். நம் வேலை அதைத் திருப்பிக் கொடுப்பது மட்டும்.

வாசலுக்கு வரும் சிலிண்டரில் சீலைப் பிரிக்கும் முன்பே பட்டையைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். “அதெல்லாம் பாத்துத்தான்க்கா அனுப்புவாங்க” என்று சொல்வார்கள். பார்த்துத்தான் அனுப்புவார்கள், ஆனால் ஆயிரக்கணக்கில் நகரும் இடத்தில் ஒன்றிரண்டு தப்புவது இயல்பு. வேறு கொடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கூடவே வால்வின் வாயில் உள்ள கருப்பு ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நடக்கும் கசிவுகள் பெரும்பாலும் அந்த வாஷரிலோ, ரெகுலேட்டரிலோ, டியூபிலோ தொடங்குகின்றன. சிலிண்டரின் உடம்பு தானாகக் கிழிவது மிக அபூர்வம். ஆரஞ்சு நிற டியூபை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கிறது.

பாதி எரித்த பிறகுதான் தேதி முடிந்ததைக் கவனித்தீர்கள் என்றால் பதற வேண்டாம். விதி தடை செய்வது தேதி தாண்டிய சிலிண்டரில் கேஸ் நிரப்புவதை. செப்டம்பரில் நிரப்பிய சி எழுத்துச் சிலிண்டர் நவம்பரிலும் உங்கள் வீட்டில் எரிந்துகொண்டிருக்கலாம். வாசனையோ நசுங்கலோ இல்லையென்றால் ஏஜென்சிக்குப் போன் செய்து மாற்றித் தரச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் கேஸைத் திறந்துவிட்டுக் காலி செய்ய முயலாதீர்கள். ஒரு கிலோ திரவம் ஏறத்தாழ 480 லிட்டர் ஆவியாகும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். பத்துக்குப் பத்து அறை ஒன்றை எரியும் நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம் போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, வாசல்படி இறங்கிச் சாக்கடைக்குள் தேங்கி, நாலு வீடு தள்ளி எரியும் அகல் விளக்கைத் தேடிப் போகும்.

பரணில் கிடப்பது இன்னொரு வகை. தாத்தா பெயரில் வாங்கிய இணைப்பு, அவர் காலமாகி வருடங்கள் ஆகியிருக்கும், கேஸ் புத்தகம் எங்கே என்று தெரியாது. பிரச்சினை வேண்டாமென்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சிலிண்டரிலும் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். அந்த நிறுவனத்தின் ஏஜென்சியில் எழுதிக் கொடுத்தால் இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்றலாம், அல்லது முடித்துக்கொண்டு வைப்புத்தொகையைத் திரும்பப் பெறலாம். அன்று கட்டிய தொகைதான் வரும், இன்றைய 2,200 வராது. காகிதம் தொலைந்திருந்தால் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனாலும் செய்ய வேண்டிய அலைச்சல்.

பழைய சிலிண்டரைப் பரணில் வைப்பதில் பலருக்கும் தெரியாத ஓர் ஆபத்து உண்டு. எல்பிஜிக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டான் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். கேஸ் எரியத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு காற்றில் கலந்தாலே மூக்கில் ஏறும் வாசனை அது. உட்சுவரில் துருப்பிடித்த இரும்பு அந்தச் சேர்மத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, காலப்போக்கில் வாசனை குறைந்த வேறொன்றாக மாற்றிவிடும். பல வருடம் சும்மா கிடந்த சிலிண்டர், வாஷர் காய்ந்து வெடித்துக் கசிந்தாலும், நம்மை எச்சரிக்கும் அளவுக்கு நாறாமல் போகலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உரிமையாளர் உள்ள சிலிண்டர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது உரிமையாளரே இல்லாதவை.

வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் போகும் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், சைக்கிள் ரிம்களுக்கும் கிழிந்த தகர டின்களுக்கும் நடுவே ஒரு சின்னச் சிலிண்டரைப் பார்த்தேன். மூன்று நான்கு கிலோ பிடிக்கும் அளவு. அறை எடுத்துத் தங்கும் பையன்களும் தள்ளுவண்டிக்காரர்களும் வைத்திருப்பார்களே, தலையில் பர்னரை நேராகத் திருகிக்கொள்ளும் ரகம். துருவின் மேலேயே நீலப் பெயின்ட் பூசியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பெயின்ட்டும் துருவும் ஒரே செதிலாகப் பெயர்ந்தது. பட்டை இல்லை, எழுத்து இல்லை, எண் இல்லை, ஐஎஸ்ஐ முத்திரை இல்லை, எடை இல்லை. இடுப்பு வெல்டிங் ஒரே அகலத்தில் ஓடாமல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கிடந்தது. “உள்ள ஒண்ணும் இல்லண்ணே, காலி” என்று கடைக்காரர் சொன்னார். தூக்கிச் சாய்த்தபோது அடியில் திரவம் புரண்ட சத்தம் இருவருக்கும் கேட்டது. அதை வெயிலிலிருந்து எடுத்து நிழலில், தனியே, நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். உடனே வைத்தார். அவர் அலட்சியக்காரர் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தச் சிலிண்டருக்கு அடுத்து நேரக்கூடியது கேஸ் கட்டிங், அதாவது தீச்சுவாலையால் வெட்டுவது. அதன் கணக்கைப் பாருங்கள். திரவம் அனைத்தும் போய், வால்வையும் திறந்து வைத்து, உஸ்ஸென்ற சத்தமும் அடங்கிய பிறகுகூட உள்ளே இருப்பது வெறும் காற்று ஆகிவிடாது. கனமான ஆவி அடியில் படுத்துக் கிடக்கும். எல்பிஜி எரிய, காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 2 முதல் 9 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காற்றுப் போதாமல் பற்றாது. நிறைந்த சிலிண்டருக்குள் நெருப்பு நுழைய முடியாததும், காலியானது வெடிப்பதும் இதனால்தான். பெரிய 33 லிட்டர் சிலிண்டரைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவர ஒன்றரை கிராம் ஆவி போதும். உரித்த நிலக்கடலைப் பருப்பு இரண்டு மூன்றின் எடைதான் என்று சொல்லலாம். மூடிய பாத்திரத்தில் அந்தக் கலவை பற்றினால் அழுத்தம் நொடிக்கும் குறைவான நேரத்தில் பல மடங்கு எகிறும், பொருத்தமான விகிதத்தில் இருந்தால் எட்டு மடங்கு வரை. துருவேறிய, சோதனை பார்க்காத, வெட்டுவாய் விழுந்த இரும்பு அதைத் தாங்குமா? வெட்டுபவரின் முகம் அதற்கு ஓரடி தூரத்தில் இருக்கிறது.

ஆலைகளில் வெட்டும் முன் தண்ணீரை முழுக்க நிரப்பி, அல்லது நீராவியோ நைட்ரஜனோ செலுத்தி, உள்ளே எரியும் ஆவி துளியும் இல்லை என்று கருவி வைத்துப் பார்த்தபின்தான் கை வைக்கிறார்கள். படித்துவிட்டு மாடியில் செய்து பார்க்கும் வேலை இல்லை இது.

கண்காணிப்பு வளையத்தைத் தாண்டிப் போன ஒரு சிலிண்டர் என்ன செய்யும் என்பதை மதுரை பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, லக்னோவிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் ரயில் பெட்டி மதுரை நிலையத்தின் பக்கவழித் தண்டவாளத்தில் நின்றிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரை வைத்துத் தேநீர் போடும்போது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அந்தச் சிலிண்டரின் தேதி பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. எந்த அடுப்பு எங்கே எரிய வேண்டும், எந்தப் பாத்திரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற விதிகள் ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

சின்னச் சிலிண்டர் வாங்குபவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. நிலையான முகவரி இல்லாத தொழிலாளிக்கு இணைப்பு கிடைப்பது நெடுங்காலம் கஷ்டமாகவே இருந்தது. இன்று அப்படி இல்லை. எண்ணெய் நிறுவனங்களே 5 கிலோ சிலிண்டரைப் பெட்ரோல் பங்க்குகளிலும் ஏஜென்சிகளிலும் எளிய அடையாளச் சான்றின் பேரில் தருகின்றன. இண்டேன் அதற்கு 2020 டிசம்பரில் சோட்டு என்று பெயர் வைத்தது. அதற்கு ஐஎஸ்ஐ முத்திரை உண்டு, சோதனைத் தேதி உண்டு, திருப்பிக் கொடுக்க ஓர் இடமும் உண்டு. முத்திரை இல்லாத டப்பாவில் கிலோ கணக்கில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் கடைக்குப் போக இப்போது அவசியம் இல்லை. பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மாற்றி ஊற்றும் அந்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு இடம் விடவேண்டும் என்ற கணக்கை யாரும் பார்ப்பதில்லை. வாய் வரை திரவம் நிரம்பிய டப்பா சித்திரை வெயிலில் நின்றால், விரிய இடமில்லாத திரவம் சுவரை நேரடியாக நெம்பத் தொடங்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்டால், என்னிடம் திருப்தியான பதில் இல்லை என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். நிறுவனப் பெயர் இல்லாததால் ஏஜென்சி அதை ஏற்கக் கடமைப்பட்டதில்லை. இரும்புக் கடையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் போட்டால் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் நெருப்புக்கும் இயந்திரத்துக்கும் இடையில் போய் நிற்கும். இப்போதைக்கு அதை அடுப்போ மின்சார சுவிட்சோ இல்லாத, காற்றோட்டமான நிழலில் நிமிர்த்தி வைத்து, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லி அவர்கள் யோசனைப்படி நடப்பதுதான் வழி. இதைத் தனி ஆள் தலையில் விடுவது நியாயம் இல்லை. மாநகராட்சி வார்டுக்கு ஒரு நாள் குறித்து, தீயணைப்புத் துறையையும் எண்ணெய் நிறுவனங்களையும் கூட்டிக்கொண்டு, முத்திரை இல்லாத சிலிண்டர்களைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்குப் போடுவோம் என்ற பயம் இருந்தால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவருபவருக்கு 5 கிலோ சிலிண்டர் வாங்க ஒரு சலுகையும் கொடுத்தால், வில்லாபுரத்துத் தள்ளுவண்டிகளில் பாதி ஒரே வாரத்தில் மாறிவிடும் என்று நம்புகிறேன். சிலிண்டர்களை வாங்கி நசுக்க ஆகும் செலவு, மருத்துவமனையின் தீக்காய வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அரசு செய்யும் செலவில் சிறு பங்குகூட வராது.

எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீடும் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்த வாடிக்கையாளர் வீட்டில் எல்பிஜி விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய் வரை உண்டு, சிகிச்சைக்கும் உடைமைச் சேதத்துக்கும் தனியே உண்டு. முத்திரை இல்லாத டப்பாவுக்கு இதில் எதுவும் கிடையாது.

இன்று சமையல் முடிந்ததும் உங்கள் சிலிண்டரின் பட்டையைப் பாருங்கள். பரணில் ஒன்று கிடந்தால் இறக்கி, அதன் மேலுள்ள நிறுவனப் பெயரைக் குறித்துக்கொண்டு நாளைக்கே ஏஜென்சிக்குப் போன் செய்யுங்கள். பழைய இரும்புக்காரர் கேட்டால், கொடுக்க மாட்டேன் என்று சொல்வதோடு ஏன் என்றும் சொல்லுங்கள், அவர் உயிருக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். கசிவு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.